அம்மாயியின் ஓட்டு

2001ஆம் ஆண்டு, எம்.ஏ. முடிக்கப்போகும் நேரத்தில், கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் பெண்களும் தேர்தலும் என்ற தலைப்பில் கட்டுரை வாசித்தேன். கணவன் கைகாட்டும் சின்னத்தில் கை வைப்பதுதான் நம் கிராமத்துப் பெண்களின் அரசியல் என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. அதை எழுதும்போது என் மனதில் இருந்தவர் என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. இன்று நான் பாடம் நடத்தும் வகுப்பில் மாணவிகள் தங்கள் அம்மாக்களைப் பற்றி ஏறக்குறைய இதே வரியைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்வதற்கு முன்னால் என் வரியை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

அம்மாயி 1928இல் பிறந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். காடு தோட்டமாகப் பதினைந்து ஏக்கர் இருந்த வீடு. கிருத்திகைக்கு விரதம், வெள்ளிக்கிழமைக்குத் தலைமுழுக்கு, மாதவிலக்கு நாள்களில் திண்ணைக்கு அப்பால் ஒரு மூலை. பெண்பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் பிடிக்காது. பண்ணையத்தில் வேலை செய்தவர்களுக்குத் தண்ணீரைக் கைபடாமல் உயரத் தூக்கி ஊற்றியவர். எந்த அளவுகோலால் அளந்தாலும் பழமைவாதி. அவரை அப்படி அழைப்பதில் எனக்கு இன்றும் தயக்கமில்லை. ஆனால் பழமைவாதி என்று பெயர் வைத்த பிறகு அவரைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்ததுதான் என் தவறு.

அந்தக் கருத்தரங்கு முடிந்து சில மாதங்களில், மே மாதம், சட்டமன்றத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு இயந்திரம் வைத்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. எனக்கு முன்னால் நின்ற அம்மாயி மறைப்புக்குள் போனார். இயந்திரம் ‘பீப்’ என்று நீளமாகக் கத்தியது. வெளியே வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங் கண்ணு, அது சத்தம் போடுதே, ஆருக்குப் போட்டம்னு வெளீல தெரிஞ்சுருமா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். பிறகுதான் அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. கணவன் சொன்ன சின்னத்துக்கே ஓட்டுப் போடுகிறவருக்கு, யாருக்குப் போட்டோம் என்பது வெளியில் தெரிந்தால் என்ன? ஐம்பது வருடம் ரகசியமாக வைத்திருந்த ஒன்றை இயந்திரம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று அவர் பயந்தார். அந்தக் கோடை விடுமுறை முழுக்க, முறுக்கு பிழிகிற நேரத்திலும் பருத்தி எடுக்கிற நேரத்திலும் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவைதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை.

அவருடைய கதை வாக்குரிமையில் தொடங்கவில்லை. கள்ளுக்கடையில் தொடங்கியது. அவருடைய அப்பா குடிகாரர். ஆடு விற்ற காசு, கடலைக்காய் விற்ற காசு எல்லாம் கடைக்குப் போனது. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்த ராஜாஜி, அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். திருச்செங்கோடு அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1925 முதலே பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தி, மதுவிலக்கைப் பரப்ப ‘விமோசனம்’ என்ற இதழையும் நடத்தியவர் அவர். கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார் என்பதை நாம் பொருளாதாரப் பாடத்தில் படிக்கிறோம். அம்மாயிக்கு அந்தப் பாடம் வேறு விதமாகத் தெரியும். “எனக்கு ஒம்பது வயசு. கடையைச் சாத்துன அந்த வருசந்தான் எங்கய்யன் பொழுதோட ஊட்டுக்கு வந்து சோறு கேட்டாரு.” ராஜாஜியின் தத்துவமோ அவர் எழுதிய புத்தகங்களோ அம்மாயிக்குத் தெரியாது. அப்பாவை வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ராஜாஜி.

மதுவுக்கு எதிரான போராட்டம் பழமைவாதிகளின் தனிச் சொத்து அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கி அரசை எதிர்த்த காட்சியை எங்கள் பகுதி முதன்முதலில் பார்த்தது கடை வாசலில்தான் என்று நினைக்கிறேன். சுயமரியாதை இயக்கமும் சனாதனமும் வெவ்வேறு பாதையில் வந்து சந்தித்த இடம் அது. ஆனால் அந்த இயக்கம் கடை வாசலோடு நிற்கவில்லை. 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கடையை மூடுவது பெண்ணுக்குப் பாதுகாப்பு. சொத்தில் பங்கு பெண்ணுக்கு உரிமை. இந்த இரண்டில் முதலாவது மட்டுமே அம்மாயியின் காதுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வந்து சேர அறுபது வருடம் ஆனது.

வாக்குரிமையும் அவருடைய வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இலேயே பெண்களுக்கு வாக்களித்தது. இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்பதால், தன் பெயரில் ஒன்றுமில்லாத பெண்ணுக்கு அது எட்டாத உரிமை. 1935ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு சொத்து உள்ளவனின் மனைவிக்கும் வாக்கு உண்டு என்றது. அதாவது வாக்கே தாலியின் வழியாக வந்தது. எல்லாருக்கும் வாக்கு என்று வந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. எங்கள் ஊரில் அம்மாயி தன் பெயரைச் சொன்னார். கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு தன் பெயரை யாரோ எழுதியதை அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார்.

1952இல் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். மறைப்புக்குள் போய் விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அம்மாயி இரட்டைக் காளைப் பெட்டியில் போட்டார். அப்பிச்சியும் அதில்தான் போட்டார். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல், மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு ராஜாஜி முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் பெற்ற திட்டம். எதிர்ப்பு பெருகி 1954இல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து அதைக் கைவிட்டார்.

அம்மாயிக்கு அந்தத் திட்டத்தில் தவறு தெரியவில்லை. “பையன் காட்டு வேலையும் கத்துக்கட்டுமே” என்று நினைத்திருக்கிறார். அவருடைய பையனுக்குக் காடு இருந்தது. எங்கள் பண்ணையத்தில் நாற்பது வருடம் வேலை செய்த அருந்ததியர் பெண் ஒருவர், என் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர், களத்து மேட்டில் தானாகவே என்னிடம் பேசினார். “பண்ணாடிச்சிக்கு ராஜாஜி கடையைச் சாத்துன மவராசன் அம்மணி. எங்களுக்கு, எங்க பசங்களைச் செருப்பு தெக்கவே அனுப்பப் பாத்த மனுசன். காமராசர் வந்து மத்தியானச் சோறு போட்டாரு, எம்பையன் பள்ளிக்கோடம் போனான்.” ஒரே தோட்டத்தில் ஒரே வயதுடைய இரண்டு பெண்கள். அம்மாயியின் வாக்கு, குடிக்கிற ஆண்களிடமிருந்து வீட்டைக் காக்க நினைத்த வாக்கு. அதே வாக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னது. பழமையைக் காக்கும் பெண்ணின் அச்சத்தைப் புரிந்துகொள்ளச் சொல்கிற நான், அந்தப் பழமை யாருடைய தோளில் உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவுப் பண்ணை என்று காங்கிரஸ் பேசத் தொடங்கியதும் நிலம் வைத்திருந்தவர்கள் நடுங்கிப்போயிருந்த நேரம். அப்பிச்சி நட்சத்திரச் சின்னத்தின் பக்கம் போனது நிலத்துக்காக. அம்மாயி போனது கடைக்காக. சின்னம் ஒன்றுதான், காரணம் இரண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மனைவி கணவனைப் பின்பற்றியதாகவே தெரியும். என் கருத்தரங்குக் கட்டுரைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

1967 அவரைச் சோதித்த தேர்தல். அரிசித் தட்டுப்பாடு, முந்தைய ஆண்டுகளின் இந்தி எதிர்ப்புப் போராட்டம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம். ராஜாஜி காங்கிரசை வீழ்த்துவதற்காகத் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தார். திருச்செங்கோட்டு மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் க. அன்பழகன் நின்றார். சாமி கும்பிடாதவர்களின் கட்சி என்று அம்மாயி விலகி நின்ற கட்சிக்கு, அவர் நம்பிய பெரியவரே ஓட்டுக் கேட்டார். “முருகனைக் கும்புட்டுட்டுத்தான் போனேன். உங்க ஆளு சொல்றாரு, நான் என்ன பண்றதுன்னு அவருகிட்டயே சொல்லிப்போட்டுச் சூரியன்ல குத்துனேன்.” தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. சுதந்திராக் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. கொள்கை உறுதி இல்லாதவர் என்று அம்மாயியைச் சொல்லலாம். தலைவர்கள் இதைச் செய்தால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயர் வைக்கிறோம்.

நான்கே ஆண்டுகளில் கூட்டணி தலைகீழானது. 1971இல் ராஜாஜியும் காமராஜரும் ஒரே மேடையில். அந்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டது என்பது தேர்தல் பிரச்சாரத்தின் மையமானது. சேலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஊருக்குள் வந்த பிரச்சாரக்காரர்கள் பெண்களைத் தனியாகக் கூட்டி வைத்துப் பேசியதை அம்மாயி நினைவு வைத்திருந்தார். வீட்டுச் சாமிக்கு ஆபத்து, தாலிக்கு ஆபத்து, பொண்ணுக்கு ஆபத்து என்று பேசினார்களாம். பழமையான பெண் வாக்காளர் ஒருவர் இருக்கிறார் என்று எந்த ஆய்வாளருக்கும் தெரியும் முன்பே பிரச்சாரக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடம் எதைச் சொன்னால் பயப்படுவார் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயம் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. 234 இடங்களில் 184ஐத் தி.மு.க. வென்றது. அம்மாயியைப் போலச் சாமி கும்பிடும் லட்சக்கணக்கான பெண்கள், கோயிலை ஒரு தட்டிலும் அரிசியை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மாயி தோற்ற பக்கம் நின்றார். அந்த ஆண்டே ஆகஸ்டில், மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்த ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டும் நடக்கவில்லை. கடை திறந்தது. ஒன்பது வயதில் அவருடைய அப்பாவைத் திருப்பித் தந்த அரசு, நாற்பத்து மூன்று வயதில் கணவரை எடுத்துக்கொண்டது. அதுவரை தொடாத அப்பிச்சி சாராயத்தைத் தொட்டார். 1974க்குள் கடைகள் மறுபடி மூடப்பட்டன. அதற்குள் மேட்டுக்காடு நான்கு ஏக்கர் கைமாறிப் போயிருந்தது. விற்பனைப் பத்திரத்தில் அம்மாயியின் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவர் அப்பிச்சிக்குச் சொல்லாமல் ஓட்டுப் போடத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். வந்ததும் இரட்டை இலை. படத்தில் குடிக்காதவர், அம்மாவைக் கும்பிடுகிறவர் என்பதே அவருக்குப் போதுமான கொள்கை விளக்கம். அதே எம்.ஜி.ஆர். 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவைத் திறந்தார். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. ஏமாந்துவிட்டீர்களா அம்மாயி என்று கேட்டேன். “எல்லாரும் தெறக்கறவங்கதான் அம்மணி. அழுதுட்டே தெறந்தானா, சிரிச்சுட்டே தெறந்தானாங்கறதுதான் வித்தியாசம்.” நான் கேட்ட பிறகு, 2003இல், சில்லறை மது விற்பனையே அரசின் கைக்கு வந்தது. ஒரு பெண் முதலமைச்சராக இருந்த ஆட்சியில். 2016 தேர்தலில் படிப்படியான மதுவிலக்கு மீண்டும் வாக்குறுதியானது. 1937இல் தொடங்கி ஒரே வாக்குறுதியை எத்தனை தலைமுறைப் பெண்களிடம் விற்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் 1989 வந்தது. மார்ச் 25ஆம் தேதி முதல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டமானது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது வருடம் கழித்து. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. 1977இல் கல்யாணமான என் அம்மா அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார். கல்யாணமாகாத என் சித்தி உள்ளே இருந்தார். அதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் மாமா. அடுத்த ஆண்டு சித்திக்கு வரன் அமைந்ததும், கல்யாணத்துக்கு முன் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். எனக்குப் பங்கு வேண்டாம் என்று சித்தி கையெழுத்துப் போட்டபோது பக்கத்து பெஞ்சில் அம்மாயி உட்கார்ந்திருந்தார். அழைத்துப் போனவர்களில் அவரும் ஒருவர்.

2001இன் கோடையில் இதைப் பற்றி நான் கோபமாகத்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் என் கோபத்தைவிடத் தெளிவாக இருந்தது. “நெலம் வாங்கிக்கிட்டா அண்ணன் ஊட்டு வாசப்படி போச்சு. நாளைக்குப் புருசன் அடிச்சுத் தொரத்துனா ஆரு ஊட்டுக்கு வருவா? வாசப்படி வேணும்னுதான் கையெழுத்துப் போடச் சொன்னேன்.” பங்கைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குவது. ஐம்பது வருடம் அவர் தேர்தலில் செய்ததும் இதே கணக்குதான். கடையை மூடு, சாமியைக் காப்பாற்று, பெண்ணை மதிக்கிறவனாக இரு, பதிலுக்கு என் ஓட்டை எடுத்துக்கொள். எந்தப் பிரச்சாரக் கூட்டத்திலும் உங்கள் மகளுக்கு நிலத்தில் பங்கு தருகிறோம் என்று யாரும் தன்னிடம் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. பயத்தைக் கேட்டுத்தான் எல்லாரும் அவர் வாசலுக்கு வந்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள்கூட அதைச் சொல்ல அவருடைய வாசலுக்கு வரவில்லை.

அந்த வாசற்படி எவ்வளவு உறுதியானது என்பதையும் அவர் பார்த்துவிட்டார். 1998இல் சித்தி கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். மாமா துரத்தவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தார். மாமாவும் அத்தையும் சாப்பிட்ட பிறகு சித்தி சாப்பிட்டார். ஆறு மாதத்தில் விசைத்தறிப் பட்டறையில் வேலைக்குப் போய், ஒரு வருடத்தில் வாடகை வீட்டுக்குப் போனார். தன் பங்கு நிலத்தின் வரப்பில் நடந்துதான் தினமும் தறிக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாயி இதை என்னிடம் சொல்லும்போது மாமாவைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எம்பேருல ஒண்ணு இருந்துருந்தா அதைக் குடுத்துருப்பேன். காடு உங்க அப்பிச்சி பேரு, ஊடு மாமன் பேரு. ரேசன் கார்டுலகோட அவுங்க பேருக்குக் கீழதான். ஓட்டுல மட்டுந்தான் எனக்குன்னு ஒரு நம்பரு.”

அந்த நம்பரை அவர் யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. 1996இலும் 2001இலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்ததோடு சரி. 2005இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கல்யாணமான மகளுக்கும் சமபங்கு என்றபோது, முன்பே பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் முன்பே பதிவாகியிருந்தது. 2008இல் அம்மாயி இறந்தார். காட்டிலும் வீட்டிலும் அவருடைய பெயரை மாற்ற வேண்டிய பட்டா ஒன்றும் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க ஒரு படிவம் மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

பெண்ணியவாதிகளாகிய நாம், பழமைவாதப் பெண்ணின் வாக்கை ஆண்களின் வாக்கோடு சேர்த்து எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிரச்சாரக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. அவருடைய பயத்தின் முகவரி அவர்களிடம் இருக்கிறது. அவருடைய பழமையில் சாதி இருக்கிறது, அதை மன்னிக்க நான் கேட்கவில்லை. ஆனால் பாதுகாப்பைத் தவிர வேறு எதையும் யாரும் தன்னிடம் கொண்டு வராதபோது, பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவரை முட்டாள் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

என் மாணவிகளிடம் இப்போது ஒன்று சொல்கிறேன். இந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்காதீர்கள், அது அவருடைய ரகசியம். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அதன் பிறகு கேளுங்கள். போன வருடம் ஒரு மாணவி கேட்டுவிட்டு வந்தாள். “அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க மேடம். அப்பறம் ஓட்டர் ஐடியைத்தான் எடுத்துட்டு வந்து காட்டினாங்க” என்றாள்.